இடைவெளியைச் சுமப்பவர் யார்?

(கோவையில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'துணிந்தால் மாறலாம்' என்று தலைப்புப் போடட்டுமா என்று செயலர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் துணிச்சல் இல்லாதவர் ஒருவரைக்கூட நினைவில்லை. பம்ப்செட் கம்பெனியில் லேத் ஓட்டியவர் சொந்தப் பட்டறை போட வருவார். மில் சூப்பர்வைசர் பேக்கரி வைக்க வருவார். கணினி வேலையை விட்டுவிட்டுக் கறவை மாடு வாங்கக் கடன் கேட்டு வந்த பிள்ளைகளும் உண்டு. துணிச்சல் எல்லோரிடமும் ஒரே அளவுதான் இருந்தது. சிலர் ஊன்றினார்கள், சிலர் மூன்றாம் வருஷம் தவணை கட்ட முடியாமல் என் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போனார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்தது எது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முன்வரிசையில் இரண்டு கைக்குழந்தைகள் இருப்பதால் கொஞ்சம் மெதுவாகவே பேசுகிறேன்.

வேலை மாற்றம் என்று பேச்செடுத்தாலே நம் மேடைகளில் சர் சி. வி. ராமன் வந்துவிடுவார். 1917-இல் அரசு நிதித் துறையின் பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு, ஏறக்குறையப் பாதிச் சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் போனார். பிறகு நோபல் பரிசு வாங்கினார். நீங்களும் உதறுங்கள் என்பார்கள். கதை உண்மைதான். ஆனால் பாதியில் தொடங்குகிறார்கள். ராமன் அந்த உத்தியோகத்தில் சேர்ந்தது 1907-இல். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கல்கத்தா பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார். காலையில் அலுவலகத்துக்கு முன்னால் அங்கே, மாலையில் அலுவலகம் விட்டதும் அங்கே. நடுவில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் ஆனதைத் தவிர, பத்து ஆண்டுக் காலம் இப்படியே. கட்டுரை மேல் கட்டுரையாக எழுதி, உலகம் பேரைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் முகர்ஜி அவரைப் பேராசிரியர் பதவிக்குக் கூப்பிட்டார். அப்படிப் பார்த்தால் 1917-இல் ராமன் செய்தது, ஏற்கெனவே பத்து வருஷம் பார்த்துப் பழகிய வேலைக்குச் சம்பளம் வாங்கத் தொடங்கியது.

இன்னொன்றையும் மேடைப் பேச்சாளர்கள் சொல்வதில்லை. வேலையை விட்டபோது ராமனுக்குக் குழந்தை இல்லை. மூத்த மகன் பிறந்தது 1921-இல். பாதிச் சம்பளத்தை மனைவி லோகசுந்தரி அம்மாளும் அவருமாகச் சமாளித்துக்கொள்ள முடிந்தது. பால் பவுடர் டின்னும் தடுப்பூசி அட்டையும் கையில் வைத்திருக்கும் முப்பது வயதுக்காரரிடம் ராமனைக் காட்டி 'நீயும் உதறு' என்பது நியாயமில்லை.

குழந்தை உள்ளவர் உதாரணம் வேண்டுமென்றால் ஐன்ஸ்டைனை எடுத்துக்கொள்ளுங்கள். 1902-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தா போன்ற ஒரு வேலையில் சேர்ந்தார். 1904-இல் மகன் பிறந்தான். 1905-இல், இயற்பியலைப் புரட்டிப்போட்ட கட்டுரைகள் வெளிவந்தன. ஒரு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் எழுதியவை அவை. இருந்தும் அவர் அலுவலகத்தை விடவில்லை. இன்னும் நான்கு ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 1909-இல் சூரிச் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர முன்வந்தபோது சொன்ன சம்பளம், காப்புரிமை அலுவலகத்தில் வாங்கியதைவிடக் குறைவு. முடியாது என்றார். அலுவலகச் சம்பளத்துக்கு ஈடாகப் பல்கலைக்கழகம் இறங்கி வந்த பிறகுதான் பெட்டியைக் கட்டினார். சார்பியல் கொள்கையைக் கண்டுபிடித்த ஆள், வீட்டு வாடகைக்காகப் பேரம் பேசியிருக்கிறார்! எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். நம் பிள்ளைகள் நேர்காணலில் சம்பளம் பேசக் கூச்சப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புதுமைப்பித்தனை இங்கே வாசிக்காதவர் இருக்க மாட்டீர்கள். தினமணி, அதன்பின் தினசரி என்று பத்திரிகை ஆசிரியர் குழுக்களில் வேலை பார்த்தவர், நாற்பதுகளின் நடுவில் சினிமாவுக்குப் போனார். பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்று தாயார் பெயரில் சொந்தக் கம்பெனி தொடங்கிப் படமெடுக்க முயன்றார். அது கைகூடவில்லை. அந்தச் சமயத்தில்தான், 1946-இல், மகள் பிறந்தாள். 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் புனே போனார். மனைவி கமலா சின்னஞ்சிறு மகளுடன் திருவனந்தபுரத்தில். புனேயில் காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார். வயது 42. காசநோய்க்கு நம் நாட்டில் மருந்து எளிதில் கிடைக்காத காலம் அது. ஆகவே சினிமாவுக்குப் போனதால்தான் போனார் என்று நான் சொல்ல வரவில்லை. மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற புத்தகமாக வந்திருக்கின்றன. வேலை மாற நினைக்கிற ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும். அவருடைய கதைகளைப் படித்தால் ஒரு மேதை தெரிவார். கடிதங்களைப் படித்தால், பணம் எப்போது வரும், எவ்வளவு அனுப்ப முடியும் என்று தவிக்கிற ஒரு குடும்பஸ்தர் தெரிவார். அந்தக் கடிதங்கள் போய்ச் சேர்ந்த வீட்டில், அடுத்த மணியார்டர் வரும்வரை குழந்தையை வைத்துக்கொண்டு நாளை ஓட்டியவர் கமலா.

என் பேச்சின் மையம் இதுதான். ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு நடுவில் ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளியை யாராவது ஒருவர் சுமந்தே ஆக வேண்டும். ராமனுக்கு அதை அவருடைய அரசு உத்தியோகமே பத்து வருஷம் சுமந்தது. கல்கி கிருஷ்ணமூர்த்தி 1941-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை போய், ஆனந்த விகடனை விட்டு வெளியே வந்து சொந்தப் பத்திரிகை தொடங்கினாரே, அந்த இடைவெளியைச் சுமந்தது நண்பர் சதாசிவமும் அவர் மனைவி, பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவும். 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். நாரதர் வேஷம் கட்டி வாங்கிய பணம்தான் 'கல்கி' பத்திரிகைக்கு முதலானது. ஐன்ஸ்டைன் இடைவெளியே விழாதபடி பார்த்துக்கொண்டார். புதுமைப்பித்தன் வீட்டில் அது கமலாவின் தலையில் விழுந்தது. நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் விழுகிறது, அதுவும் யாரும் வாய் திறந்து பேசாமலேயே.

சரி, இடைவெளி எவ்வளவு பெரியது? 'ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு வேலையை விடு' என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேலை பறிபோனவருக்கு அது நல்ல யோசனை. வேலை மாறுகிறவருக்குப் போதாது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாள் இருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, மூன்று வயதுக் குழந்தை. ஒருவர் சம்பளம். வீட்டுக் கடன் தவணை உட்பட மாதச் செலவு 45,000 ரூபாய். ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் புதுத் தொழில் படிக்கிறார். அதற்கு 2,70,000. படிப்புக் கட்டணத்தை விட்டுவிடுகிறேன். படித்து முடித்ததும் வேலை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். புது ஆள், 30,000 சம்பளம். மாதம் 15,000 துண்டு விழும், வருஷத்துக்கு 1,80,000. இரண்டாம் வருஷம் 37,000 தருகிறார்கள். துண்டு 8,000, வருஷத்துக்கு 96,000. மூன்றாம் வருஷம் 45,000 வாங்கி நிமிர்ந்துவிடுகிறார். மொத்தம் 5,46,000. இதில் பாதிக்குச் சற்று மேல், வேலை கிடைத்த *பிறகு* விழுகிற துண்டு! ஆறு மாதச் சேமிப்பு முதல் பாதியோடு தீர்ந்துபோகும். வேலை கிடைத்த சந்தோஷத்தில் வீடே சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொண்டாடிய பிறகுதான் நகை ஒவ்வொன்றாக அடகுக்கு வரும். கடன் பிரிவில் நான் பார்த்தது இதைத்தான். 'வேலைக்குப் போய்ட்டுத்தானுங்க இருக்கறேன், இருந்தும் எப்படிங்க பத்தல?' என்று கேட்பார்கள். அதற்குள் குழந்தைக்கு எல்.கே.ஜி. சேர்க்கை வேறு வந்திருக்கும். என் கணக்கில் அதையும் சேர்க்கவில்லை, விலைவாசியையும் சேர்க்கவில்லை.

நகை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மனைவிக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகை, சட்டப்படி அவருடைய தனிச் சொத்து. உச்ச நீதிமன்றம் 1985-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதை அடகு வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் வையுங்கள். ஆனால் வீட்டுக்குள்ளேயே அதைக் கடனாக எழுதி, எப்போது மீட்டுத் தருவேன் என்று தேதி போடுங்கள். கடன்காரனுக்குத் தவணை தவறினால் வெட்கப்படுகிற நாம், மனைவியிடம் தவறுவதை மட்டும் குடும்பம் என்ற பெயரில் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அடுத்து, வேலையை விடும்போது சம்பளத்தோடு சேர்ந்து சத்தமில்லாமல் போகிற பொருள்கள். முதலில் மருத்துவக் காப்பீடு. கம்பெனி கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துபோகும். மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முழுப் பணமும் கைக்காசுதான். புதிதாகத் தனி பாலிசி எடுத்தால், விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது சர்க்கரை, ஆஸ்துமா மாதிரி ஏற்கெனவே இருக்கிற நோய் என்றால் மூன்று ஆண்டு வரை அதற்குப் பணம் தர மாட்டார்கள். இது 2024 வரை நான்கு ஆண்டாக இருந்தது. பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஏற்கெனவே காத்திருந்த காலத்தைக் கழித்துக்கொள்வார்கள். ஆனால் வேலையில் இருக்கும்போதே, ஒரு மாதமாவது முன்னால் எழுதிக் கேட்க வேண்டும். வேலையை விட்ட பிறகு ஓடினால் சிரமம். வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. நடுவில் இருக்கிற குடும்பங்கள்தான் இரண்டும் இல்லாமல் மாட்டிக்கொள்கின்றன.

பி.எஃப். பணத்தை எடுத்துத் தொழிலில் போடுகிற ஆசை எல்லோருக்கும் வரும். ஐந்து ஆண்டு சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி விழும். புது வேலைக்கு மாற்றிக்கொண்டால் பழைய வருஷங்களும் கணக்கில் சேரும். மாதா மாதம் முதலாளி பங்கிலிருந்து ஒரு பகுதி பென்ஷன் கணக்குக்குப் போகிறது. பத்து ஆண்டு பூர்த்தியானால்தான் பென்ஷன் உரிமை. ஏழெட்டு வருஷம் கட்டியவர் அவசரப்பட்டு அதையும் வாங்கிக்கொண்டால் அந்த வருஷங்கள் அழிந்துபோகும். பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால், பின்னால் வேறு கம்பெனியில் சேர்ந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இன்னொன்று, பி.எஃப். கணக்கோடு சேர்ந்து ஓர் ஆயுள் காப்பீடும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிகபட்சம் 7 லட்சம். பணியில் இருக்கிறவருக்குத்தான். வேலையை விட்டதும் அதுவும் போச்சு. ஆகவே டெர்ம் இன்சூரன்ஸ் எடுக்காமல் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். கிராஜுவிட்டி எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து ஆண்டு. நாலரை வருஷத்தில் வேலையை விடத் துடிக்கிறவர்கள் காலண்டரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், அதற்கும் ஒரு முறை உண்டு. சொந்தத் தொழில் தொடங்கியவரிடம் எந்த வங்கியும் இரண்டு மூன்று வருஷத்து வருமான வரிக் கணக்கைக் கேட்கும். சம்பளக்காரராக இருக்கிற வரையில்தான் சம்பளச் சீட்டுக்கு மதிப்பு. இதைக் கேட்டுவிட்டு, 'அப்ப மொதல்ல வீடு வாங்கிட்டு அப்பறம் வேலைய விடறனுங்க' என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றேன். தவணையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இடைவெளிக்குள் இறங்குவது இன்னும் மோசம்.

சொந்தத் தொழில் என்றால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியல் பிரிவினர், பிற்படுத்தப்பட்டோர் போன்றோருக்கு 25, 35. ஆனால் மானியம் கைக்கு வந்து குடும்பச் செலவுக்கு உதவும் என்று நினைக்காதீர்கள். அது உங்கள் கடன் கணக்கின் பேரில் வைப்பாக மூன்று ஆண்டு பூட்டிக் கிடக்கும். தொழில் நடந்தால்தான் கடனில் கழியும். அந்த மூன்று வருஷத்துப் பால், அரிசி, பள்ளிக் கட்டணத்துக்கு அரசுத் திட்டம் எதுவும் இல்லை. அதைத் தொழில் திட்ட அறிக்கையில் எழுதவும் இடம் கிடையாது. இயந்திரத்துக்குக் கட்டம் இருக்கிறது, கச்சாப் பொருளுக்குக் கட்டம் இருக்கிறது, முதலாளி சாப்பிடுவதற்குக் கட்டம் இல்லை! நான் மேலாளராக இருந்தபோது அந்த அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, 'வீட்டுச் செலவு யாருங்க பார்ப்பாங்க?' என்று முதலில் கேட்பேன். 'சம்சாரம் வேலைக்குப் போறாங்க' என்று ஒருவர் சொன்னால் பேனாவைத் திறப்பேன். 'எப்படியாவது பாத்துக்கலாமுங்க' என்றால் இன்னொரு நாள் அவரையும் அவர் வீட்டுக்காரம்மாவையும் சேர்த்து வரச் சொல்வேன்.

வேலை மாறுகிறவர் பெண் என்றால் கணக்கு இன்னும் சிக்கல். இரண்டாவது குழந்தைக்குத் திட்டம் வைத்திருக்கிறவர்கள் கவனியுங்கள். 2017-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. ஆனால் அந்த நிறுவனத்தில் பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். கருவுற்ற பிறகு வேலை மாறினால் நாள் கணக்கு இடிக்கலாம். ஆசிரியர் ஆக விரும்பி வருகிற பெண்கள் நிறைய. 'பிள்ளைக்கு லீவுன்னா எனக்கும் லீவு' என்பது அவர்கள் சொல்கிற காரணம், நல்ல காரணம்தான். ஆனால் பி.எட். இப்போது இரண்டு ஆண்டு, தினமும் போய்வர வேண்டிய படிப்பு. அதற்கு மேல் தகுதித் தேர்வு. அந்த இரண்டு வருஷம் குழந்தையை யார் பார்ப்பது? ஊரிலிருந்து அம்மாவை வரவழைப்போம் என்பார்கள். அம்மாவுக்கு ஊரில் வயதான அப்பா இருப்பார், இரண்டு ஆடு இருக்கும், முழங்கால் வலி இருக்கும். இடைவெளி இப்படி ஒரு தலைமுறை தாண்டிப் போய் உட்கார்ந்துகொள்ளும். பாட்டியைக் கேட்காமலேயே பாட்டியைத் திட்டத்தில் சேர்க்கிற பழக்கத்தை நாம் விட வேண்டும். கேளுங்கள். சம்பளம் தர மாட்டீர்கள், சரி. அவர் ஊருக்குப் போய்வரவும் மருந்துக்கும் ஒரு தொகையை மாதா மாதம் அவர் கையில் கொடுங்கள். அதையும் சேர்த்துத்தான் அந்தப் படிப்பின் விலை.

மாறவே வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவும் என்று யாராவது நினைத்தால், இல்லை. பிடிக்காத வேலையில் இருக்கிற அப்பா வீட்டுக்கு வந்து பிள்ளையின் மேல் எரிந்து விழுவதும் ஒரு செலவுதான். இரவு ஷிஃப்ட் பார்த்து மூன்று வருஷமாகக் குழந்தை விழித்திருக்கும்போது முகம் பார்க்காதவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மாறத்தான் வேண்டும். அதற்காக 5,46,000 ரூபாய் கையில் சேரும்வரை பத்து வருஷம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அந்தத் தொகையைப் பங்கு போடலாம். ஒரு பகுதி சேமிப்பு. ஒரு பகுதி, துணைவருக்கு வேலை கிடைக்கும்வரை ஒரு வருஷம் தள்ளிப்போடுவது. ஒரு பகுதி, வாடகை குறைந்த வீட்டுக்குப் போவது. மாலை நேரப் படிப்பாகப் படித்தால் அந்த 2,70,000-த்தில் பெரும்பகுதி விழவே விழாது. அதற்கு விலையாக ஞாயிற்றுக்கிழமைகள் போகும். யார் எதைக் கொடுக்கிறார்கள் என்று இரண்டு பேரும் ஒரே தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். எத்தனை மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் எந்தத் தேதியில் பழைய தொழிலுக்கே திரும்புவோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். திரும்புவதற்குத் தேதி குறித்தவர்களில் பாதிப் பேர் திரும்பாமலேயே தேறிவிட்டதைப் பார்த்திருக்கிறேன்; பதற்றம் குறைந்ததால் இருக்கலாம்.

நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்று சில கம்பெனிகளில் இருக்கிறது. பலரும் அதைத் தண்டனை மாதிரி பார்க்கிறார்கள். சம்பளத்தோடு கிடைக்கிற மூன்று மாத அவகாசம் அது. குழந்தையின் பாக்கித் தடுப்பூசிகளைப் போட்டு, காப்பீட்டை மாற்றி, பி.எஃப். கணக்கில் பேரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, வாரிசு நியமனத்தைச் சரிசெய்து, ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். சண்டை போட்டுக்கொண்டு பாதியில் வந்தவர்கள், அந்தக் கடிதத்துக்காக ஆறு மாதம் அலைந்திருக்கிறார்கள்.

நேரம் ஆகிவிட்டதாகச் செயலர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். மூன்றாவது வரிசையில் அம்மணி ஒருவர், நான் கணக்குப் போட்டபோதே என் கூட்டலைச் சரிபார்த்துவிட்டு எதையோ கேட்கக் கை தூக்கினார். முதல் கேள்வி அவருடையது. சொல்லுங்கம்மா.